முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு

வினா ஆறு வகை என்று நன்னூல் சொல்கிறது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பள்ளியில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்தவர்கள் கல்லூரிக்கு வருவதற்குள் மறந்துவிடுகிறார்கள். நான் முதலாண்டு மாணவிகளுக்கு மறுபடி நடத்தும்போது முதல் வகையில்தான் கொஞ்சம் நிற்பேன். அறிவினா என்பது, கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தும், எதிரே இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்கும் கேள்வி. ஆசிரியர் மாணவரிடம் கேட்பது என்று உரைகள் எடுத்துக்காட்டும். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பதும் இதுதான் என்று ஒருமுறை ஒரு மாணவி சொன்னாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

வினாடி வினா முழுக்க முழுக்க அறிவினாவால் ஆனது. கேட்கிறவர் கையில் அட்டை இருக்கிறது, அட்டையில் விடை இருக்கிறது. இவ்வளவு தெரிந்தும் பதின்மூன்று பதினாலு வயதில் நான் அதன்மேல் பைத்தியமாக இருந்தேன். ஏன் என்று இத்தனை வருடம் கழித்து யோசிக்க வைத்தது லண்டனில் வாழும் ஒரு தோழி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயதில் இங்கிலாந்து போனவள், கவிதை எழுதுகிறவள். சிதம்பரத்துக்கு ஒரு கருத்தரங்குக்கு வந்திருந்தபோது, இரவு இட்லிக் கடையில், தன் இளமைக்காலம் என்றால் தனக்கு முதலில் ஞாபகம் வருவது ‘பிளாக்பஸ்டர்ஸ்’ என்றாள். நான் சினிமா என்று நினைத்தேன். இல்லை, தொலைக்காட்சி வினாடி வினா.

1983 முதல் 1993 வரை ஐடிவியில் வந்த நிகழ்ச்சி அது. பதினாறிலிருந்து பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகள்தான் போட்டியாளர்கள். திரையில் தேன்கூடு போல இருபது அறுகோணங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. பிள்ளை ஓர் எழுத்தைக் கேட்கும், அந்த எழுத்தில் தொடங்கும் விடைக்கான கேள்வி வரும். ஒரு பக்கம் ஒரே ஒருவர், மறுபக்கம் இருவர். ஒரு தலையைவிட இரண்டு தலை மேலா என்று பார்ப்பதுதான் விளையாட்டே. தனியாள் மேலிருந்து கீழே நான்கு கட்டங்களை இணைத்தால் போதும், இருவர் அணி குறுக்கே ஐந்தை இணைக்க வேண்டும். நடத்தியவர் பாப் ஹோல்னஸ். “எனக்கு ஒரு ‘பி’ குடுங்கோ பாப்” என்று யாராவது கேட்டால் அரங்கமே சிரிக்குமாம். அந்த எழுத்தின் ஒலிக்கு அவர்கள் பேச்சில் சிறுநீர் என்றும் பொருள். முப்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லித் தோழி சட்னி சிந்தச் சிரித்தாள்.

பிறகு இணையத்தில் சில பகுதிகளைத் தேடிப் பார்த்தேன். மேசைமேல் அவரவர் கொண்டுவந்த பொம்மைகள். கம்பளிச் சட்டை போட்ட பையன்களும் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில். அப்பா வயதுக்காரர் ஒருவர் பொறுமையாக, கிண்டல் இல்லாமல், அவர்களைப் பெரிய மனிதர்களைப் போல நடத்துகிறார். ஹோல்னஸ் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1956இல் அங்கே வானொலி நாடகத்தில் ஜேம்ஸ் பாண்டாகக் குரல் கொடுத்தவர். ஜெர்ரி ராஃபர்ட்டியின் ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ பாட்டில் சாக்ஸபோன் வாசித்ததும் அவர்தான் என்று ஒரு கதை இங்கிலாந்து முழுக்கச் சுற்றியது. அது பொய், வாசித்தவர் ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட். ஊருக்கே சரியான விடை சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி ஊரே ஒரு தப்பான விடையை நம்பிக்கொண்டிருந்தது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அவளுக்கு பாப் ஹோல்னஸ் என்றால், எனக்கு டெரக் ஓ'பிரையன். ‘போர்ன்விட்டா குவிஸ் கான்டெஸ்ட்’ 1972இல் தொடங்கியது. நெடுங்காலம் வானொலியில், ஹமீத் சயானியும் அவருக்குப் பின் தம்பி அமீன் சயானியும் நடத்தினார்கள். 1992இல் ஜீ டிவி வந்தபோது நிகழ்ச்சி தொலைக்காட்சிக்கு வந்தது. டெரக்கின் அப்பா நீல் ஓ'பிரையன் 1967இல் கல்கத்தாவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடத்தியதைத்தான் இந்தியாவின் முதல் பொது வினாடி வினா என்பார்கள். அதற்கும் இதற்கும் நடுவில், 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் ‘குவிஸ் டைம்’ இருந்தது. அது கல்லூரிக்காரர்களுக்கு. டெரக்கினுடையது பள்ளிப் பிள்ளைகளுக்கு, அதாவது என் வயதுக்காரர்களுக்கு.

எங்கள் வீட்டில் கேபிள் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில்தான் இருந்தது. ரெண்டு வீடு தள்ளி இருந்த டீச்சரக்கா வீட்டுத் திண்ணை ஓரம் நாங்கள் போய் உட்காருவோம். நாங்கள் என்றால் நானும் அம்மாவும். அண்ணன் வரமாட்டான். அவனுக்குக் கிரிக்கெட் இருந்தது, வெளியே போகத் தெரு இருந்தது. போர்ன்விட்டா டப்பாவைப் பரீட்சை மாதத்தில் மட்டும் அவனுக்காக வாங்குவார்கள். அவனுக்கு அந்த வாசனையே ஆகாது, பாதி டம்ளரை என்னிடம் தள்ளிவிடுவான். என் பொது அறிவின் வளர்ச்சியில் அண்ணனின் நாக்குக்கும் பங்கு உண்டு.

தமிழ்வழியில் படித்த எனக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். கேள்வி ஓடிவிடும், விடை மட்டும் ஒலியாக நிற்கும். அதை நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வேன். எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் வெறும் விடைகள் மட்டுமே கொண்ட அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘உளான் பாட்டர்’, ‘ரெய்க்யவிக்’, ‘மேடம் கியூரி ரெண்டு தடவை’. சில பெயர்கள் என்னவென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒலியிலிருந்து ஒரு சொல்லை மீட்டெடுப்பதும் ஒரு பாடவேறுபாட்டு ஆராய்ச்சிதான். பின்னாளில் முனைவர் பட்டத்துக்குச் சுவடி படித்தபோது அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

ஆனால் நான் அதன்மேல் பைத்தியமானது அறிவுக்காக அல்ல. பசர் சுற்றுக்காக. ஒரு பெண், என்னைப் போல இரட்டைப் பின்னல் போட்டவள், டெரக் ஓ'பிரையன் கேள்வியைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே டக்கென்று அமுக்குவாள். அந்தப் பெரிய மனிதர் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்ப்பார். அவள் விடை சொல்வாள். அவர் தலையாட்டி மதிப்பெண் கொடுப்பார். ஆணொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்த பெண்ணுக்குப் பரிசு கிடைக்கும் ஒரே இடமாக அது எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் அப்பா பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் அம்மா பேசுவாள், ஒருவேளை இன்னும் பாக்கி இருக்குமோ என்று.

அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து விடை சொல்வாள். எட்டாவதோடு நின்றவள், ஆங்கிலம் தெரியாது. படம் காட்டிக் கேட்டால், பறவையோ கொடியோ கட்டடமோ, எதையாவது சொல்வாள். ஒன்றிரண்டு சரியாகவும் இருக்கும். டீச்சரக்கா ஒருநாள் கேலியாக, “உனுக்கு எதுக்கு அத்தை இதெல்லாம்?” என்றாள். அம்மா சொன்னாள்: “என்னை யாரு இன்னா கேட்டாங்க இதுவரைக்கும்? கேட்டாத்தான தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரியும்.”

பெண்ணின் அறிவு வேறு, அது அடுப்பிலும் வயலிலும் மருத்துவச்சி கையிலும் இருக்கிறது, வினாடி வினா அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று வாதிடலாம். நானும் மேடைகளில் வாதிட்டிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். வாதம் சரிதான். ஆனால் அம்மா கேட்டது அதுவல்ல. கருவாட்டுக்கு எவ்வளவு உப்பு என்று தன்னைக் கேட்க வேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை. அது அவளுக்குத் தெரியும், தினமும் யாராவது கேட்கத்தான் செய்தார்கள். மங்கோலியாவின் தலைநகரம் என்ன என்று தன்னை ஒருவர் கேட்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாள். அவளுக்குத் தேவையில்லாத ஒன்றைப் பற்றி, அவளிடம்.

இந்த இடத்தில் சிதம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறுமுக நாவலர் 1864இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்த நாவலர், பாதிரிமார் ஞானோபதேசத்தை வினாவும் விடையுமாகச் சொல்லிக்கொடுத்த முறையைச் சைவத்துக்காக எடுத்துக்கொண்டார். ‘சைவ வினாவிடை’ அப்படி வந்தது. லண்டன் தோழி ஏழு வயதில் அதை மனப்பாடம் செய்தவள். இட்லிக் கடையிலேயே கடகடவென்று ஒப்பித்தாள். பாட்டி கேள்வி கேட்பாளாம், இவள் சொல்வாளாம், ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து. “பாட்டி கேக்கேக்க எனக்குப் பயமா இருக்கும். பாப் கேக்கேக்க நான் டீவிக்கு முன்னால கத்துவன். ரெண்டுமே வினாவிடைதான், என்ன?” என்றாள்.

ரெண்டுமே அறிவினாதான். வித்தியாசம், ஒன்றில் எழுத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கிறது. மற்றொன்றில் வரிசை மாறவே மாறாது. இது சின்ன வித்தியாசம் இல்லை என்றே நினைக்கிறேன்.

எங்கள் பள்ளிக்குப் போர்ன்விட்டா போட்டியின் விண்ணப்பம் வந்ததே கிடையாது. வந்ததெல்லாம் உள்ளூர்ப் போட்டிகள். 1995இல், நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு சேவைச் சங்கம் சிதம்பரத்தில் மாவட்ட அளவில் ஒரு வினாடி வினா நடத்தியது. அப்போது எங்கள் மாவட்டத்தின் பெயர் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். 1993இல் பழைய தென்னாற்காட்டைப் பிரித்தபோது வைத்த பெயர். 1997இல் தலைவர்கள் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கடலூர் மாவட்டம் ஆக்கினார்கள். பொது அறிவு வழிகாட்டிகள் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்த நான்கு வருடம் பெரிய தொல்லை. மனப்பாடம் செய்த மாவட்டம் அடுத்த பதிப்பில் இருக்காது.

அணிக்கு இருவர். என்னோடு வந்தவள் குண்டு உப்பலவாடிக்காரி. டீச்சர் துணையோடு பஸ்ஸில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வந்தோம். பாவாடை தாவணி, கையில் ஒரு கெயிட் புத்தகம். கீழ வீதிப் பக்கம் ஒரு மண்டபம். பசர் கிடையாது, ஆளுக்கொரு சைக்கிள் மணி. பத்து அணியில் பெண்கள் அணி ரெண்டு.

எங்கள் மணியை நாங்கள் ஒரு முறைதான் அடித்தோம். கேள்வி இப்படித் தொடங்கியது: “1690ஆம் ஆண்டு, பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம்...” அவள் மணியை அடித்துவிட்டாள். “செயிண்ட் டேவிட் கோட்டை!”

அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? மராத்தியரிடமிருந்து கோட்டையைக் கம்பெனி வாங்கியபோது குண்டு விழும் எல்லை வரையிலான கிராமங்களும் சேர்த்தி என்று ஒப்பந்தம். எந்தத் துப்பாக்கி என்று எழுதாததால் இருப்பதிலேயே பெரிய பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். சென்னையில் அப்போது ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். அவள் ஊர்ப் பெயரில் இருக்கும் குண்டு அந்தக் குண்டுதான் என்று ஊரில் சொல்வார்கள். அவள் தாத்தா தினமும் மாடு ஓட்டிக்கொண்டு போன வழியில்தான் கெடிலம் ஓரம் கோட்டையின் இடிபாடு கிடந்தது.

நடத்தியவர் அட்டையைக் கீழே இறக்கி, “முழுசாக் கேட்டுட்டுச் சொல்லும்மா” என்றார். மண்டபம் சிரித்தது. கேள்வியை முதலிலிருந்து வாசித்தார். வாசித்துவிட்டு, முந்திச் சொன்னதால் இந்த அணிக்கு வாய்ப்பு இல்லை என்று அடுத்த அணிக்கு நீட்டினார். பையன்கள் எழுந்து நின்று “செயிண்ட் டேவிட் கோட்டை, சார்” என்றார்கள். பத்து மதிப்பெண். அதற்கு முந்தின சுற்றில் அதே பையன்கள் பாதிக் கேள்வியில் மணி அடித்தபோது “ஆஹா, சிங்கக்குட்டி” என்று மைக்கில் சொன்னவரும் அவர்தான்.

எங்கள் டீச்சர் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் ரொம்ப வருடம் இருந்தது. நானே பெண் விரிவுரையாளராகி, மேடைகளில் எந்தச் சண்டையைப் போடுவது, எதை விடுவது என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பையில் அவர் என்ன தேடியிருப்பார் என்று புரிந்தது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

நன்னூல் விடையை எட்டு வகை என்கிறது. சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடியானவை. மீதி ஐந்தும் சுற்றி வளைப்பவை: ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. “கடைக்குப் போறியா?” என்றால் “கால் வலிக்குது” என்பது உற்றது உரைத்தல். “வலிக்கும்” என்றால் உறுவது கூறல். “ஏன், நீங்க போனா ஆகாதா?” என்பது வினா எதிர் வினாதல். என் மாணவிகளுக்கு இந்த ஐந்துக்கும் எடுத்துக்காட்டு சொல்லித்தர வேண்டியதே இல்லை. வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள். நேர்விடைக்குத்தான் திணறுகிறார்கள். “கல்யாணம் வேணுமா இப்போ?” என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்ற மறை விடையைச் சொல்ல முடியாமல், “படிப்பு இருக்கு” என்று இனமொழியில் பதுங்குகிறார்கள்.

வினாடி வினாவில் எட்டில் ஒன்றுக்குத்தான் இடம், அதுவும் முப்பது வினாடிக்குள். அது அதன் வறுமை. ஆனால் சுற்றி வளைத்தே பேசப் பழக்கப்பட்டவளுக்கு, ஒற்றைச் சொல்லை உரக்கச் சொல்லிவிட்டு உட்காருவது எவ்வளவு பெரிய விடுதலை! தோழிக்கு லண்டனில் அது விளையாட்டாகவே கிடைத்தது. பொம்மையோடும் சிரிப்போடும்.

நம் ஊரில் அது விளையாட்டாக இருக்கவில்லை, வேலையாக மாறிவிட்டது. 2000இல் சன் டிவியில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்தியபோது பொது அறிவுக்குப் பணம் என்ற எண்ணம் வீட்டுக்குள் வந்தது. அதற்கும் முன்னாலேயே, 1989இல் தமிழக அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கினார்கள். 2021இல் அதை 40 ஆக்குவதாக அறிவித்தார்கள். இன்று என் மாணவிகளின் பைகளில் கவிதைத் தொகுப்பு இருக்கிறதோ இல்லையோ, டிஎன்பிஎஸ்சி குரூப் 4 கெயிட் இருக்கிறது. 200 கேள்வி, அதில் தமிழுக்கு 100. மூன்று மணி நேரம். எவரும் சிரிப்பதில்லை, எவரும் மணி அடிப்பதில்லை. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவதற்குக் குரல் தேவையில்லை. ஊர் நூலகங்களில் சாப்பாட்டு டப்பாவோடு காலையில் வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கிறேன். கல்யாணத்தைத் தள்ளிப்போட வீடு ஒத்துக்கொள்கிற ஒரே காரணம் இந்தப் பரீட்சைதான். வள்ளலார் பிறந்த ஊர் மருதூர் என்று தெரிந்தால் இன்னும் ஒரு வருடம் கிடைக்கும்.

2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’ தொடங்கியது. போட்டியாளர்கள் பெண்கள் மட்டும். அடுத்த மாதமே மதுரை நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளராக இருந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாய் வென்றார். பேசவும் கேட்கவும் இயலாதவர். அம்மா அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அழுதாள். பிறகு, வழக்கம்போல, “அந்த ஏழாவது கேள்வி எனுக்குத் தெரியும்” என்றாள்.

குண்டு உப்பலவாடிக்காரியைப் போன வருடம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பார்த்தேன். பன்னிரண்டாவது முடித்த உடனே அவளுக்குக் கல்யாணம். நான் அந்த மணியைப் பற்றியும் அவரைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். இந்தக் கதையை இத்தனை வருடமாக அவள் சார்பில் நான் சுமந்துகொண்டிருந்தேன் அல்லவா. அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

“அந்தாளா? அவரு மூஞ்சியே ஞாபகம் இல்லடி. மதியானம் டீச்சர் கோயிலுக்கு இட்டுக்கினு போனாங்களே, தெப்பக்குளத்துப் படியில உக்காந்து புளிசோறு துன்னமே? நீ உன் அப்பளத்த எனுக்குக் குடுத்த. வீட்டு ஆளுங்க யாரும் இல்லாம நான் பஸ்ஸு ஏறிப் போனது அது ஒரு வாட்டிதான்.”

சிவகங்கைக் குளத்துப் படிகள் எனக்குக் கொஞ்சம்கூட ஞாபகம் இல்லை. அவளுக்குப் போட்டியில் எத்தனையாவது இடம் என்பதும் ஞாபகம் இல்லை. ஆனால் கெயிட் புத்தகம் பாதி இன்னும் மனப்பாடம். மகள் குரூப் 4 எழுதியிருக்கிறாள். ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே இவள் கேள்வி கேட்பாளாம், கூடத்திலிருந்து மகள் சொல்வாளாம்.

“பாதி கேக்கும்போதே சொல்லிடறாடி” என்றாள். “முழுசாக் கேட்டுட்டுச் சொல்லேன்டின்னு நானும் கத்தறேன். எங்க கேக்கறா?”

விடைக்குறிப்பு வந்துவிட்டதாம், தேறிவிடுவாள் போலத்தான் இருக்கிறதாம். முடிவுதான் இன்னும் வரவில்லை.